ஒன்பது ஊருக்கும் ஒரே சொல்

ஹலோ... ஹலோ, றெனோல்ட் அத்தானோ? நான் ஷெரோன்... ஓம் ஓம், யுனிவர்சிற்றியில இருந்துதான்... சாப்பிட்டாச்சு. சுகத்தைப் பேந்து விசாரிப்பம். நீங்கள் ரைப் பண்ணி அனுப்பின ஃபைலைத் திறந்து வச்சுக்கொண்டு இருக்கிறன்.

... நன்றி சொல்ல வேண்டாமோ? நான் அதுக்கு எடுக்கேல்லை.

... அத்தான், நான் தந்த தாளில ஒன்பது ஊர் இருந்ததெல்லே? நைஜீரியாவில... ஓம், யொரூபா. யொரூபாவும் அதுக்குச் சொந்தக்கார மொழியளும். எங்கட ஆராய்ச்சி மாணவி பொலாஜி ரெண்டு வருசம் ஊர் ஊராப் போய்க் குந்தியிருந்து, அந்தச் சனத்திட்டக் கேட்டுக் கையால எழுதினது. உங்கட வேலை என்ன? ... பாத்து ரைப் பண்ணிறது. ஓம். பாத்து. அவ்வளவுதான்.

... அப்ப 'வீடு' எண்ட வரியில ஒன்பது பெட்டியிலயும் 'இலே', 'இலே', 'இலே' எண்டு ஏன் கிடக்கு? ... எக்கிற்றிப் பக்கம் 'உலே' எண்டு எழுதியிருந்தது. நான் பாத்தனான். இகாலாக்காரர் 'உன்யி' எண்டவை. அது எங்கை?

... என்ன?

... திருத்தினீங்களோ... இன்ரநெற்றில டிக்சனறி பாத்து... ஓகோ. ஒரே பிழையாக் கிடந்ததாம். தங்கட வீட்டை என்னெண்டு சொல்லிறதெண்டு அந்தச் சனத்துக்குத் தெரியேல்லை, இங்கை கனடாவில, புரோசார்ட்டில குந்திக்கொண்டு றெனோல்ட் அத்தான் படிப்பிச்சு விட்டிருக்கிறார்.

... இல்லை, நான் சிரிக்கேல்லை.

... அது நீங்கள் படிப்பிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடம், அத்தான். சனிக்கிழமையில பிள்ளையள் 'கதைச்சன்' எண்டு எழுதினா, சிவப்புப் பேனையால வெட்டி 'பேசினேன்' எண்டு போடுவியள். சரி, அதைத் தாய் தேப்பன் பொறுத்துக்கொண்டினம். இது ஆராய்ச்சி. எந்த ஊரில எந்தச் சொல்லு மாறுது, எது மாறேல்லை, ஆர் ஆருக்குக் கிட்டின சொந்தம் எண்டு பாக்கத்தான் அந்தப் பிள்ளை போனது. நீங்கள் ஒன்பது ஊரையும் ஒரே ஊராக்கிப் போட்டியள்.

... இருநூறு சொல்லையுமோ? ... பொறுமைதான். வேறை ஆருக்கு வரும் இந்தப் பொறுமை.

... நல்ல எண்ணத்தோடதான் செய்தனீங்கள், ஓம், ஓம். குரங்கின்ர கையில பூமாலை குடுத்தா அதுவும் நல்ல எண்ணத்தோடதான்... சரி சரி, விடுங்கோ. அக்காட்டைச் சொல்லிப்போடாதேங்கோ.

... இப்ப கேளுங்கோ. வெள்ளிக்கிழமை பேராசிரியர் பாக்கப்போறார். இதைக் கண்டாரெண்டா, ரெண்டு வருசமா ஒண்டையும் கண்டுபிடிக்கேல்லை எண்டு சொல்லுவார். பொலாஜியின்ர படிப்பு அதோட சரி. அந்தக் கையெழுத்துத் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு இப்பவே வெளிக்கிடுங்கோ. நானே இருந்து திரும்ப அடிக்கிறன்.

... பெட்டியில போட்டாச்சோ? எந்தப் பெட்டி?

... றீசைக்கிளிங்.

... குப்பை லொறிக்காரர் எப்ப வந்தவங்கள்? ... காலமையோ.

... இல்லை, ஃபோட்டோ இல்லை. ஒலிப்பதிவும் இல்லை. மெஷினைக் கண்டா அந்தச் சனம் வாய் திறக்காதாம், அதுதான் கையால எழுதினது... வேலை முடிஞ்சா வீட்டில குப்பை கிடக்கக்கூடாது எண்டு அக்கா சொன்னவவோ. அக்காவை ஏன் இழுக்கிறியள். நீங்கள் படிச்ச மனுசன்தானே.

... பொறுங்கோ. பொலாஜி வந்திட்டா. வாசலில நிக்கிறா... என்ர முகத்தைப் பாத்தே ஏதோ விளங்கியிட்டுது.

... யெஸ், பொலாஜி. யெஸ், ஹிம்... வன் மினிற்.

... அத்தான், தாள் எங்கை எண்டு கேக்கிறா. ஒபிசை விட்டு வெளியில போகக்கூடாது எண்டு என்னட்டைக் கையெழுத்து வாங்கின தாள். உங்களிட்ட ஆர் குடுத்ததெண்டு கேக்கிறா.

... ஓம்... ஓம், தெரியும். நீங்கள் மெற்றோ ரெயினில வந்து இங்கை ஒபிசில இருந்து செய்யிறன் எண்டுதான் சொன்னனீங்கள். நான்தான், ஏன் இந்தக் குளிருக்குள்ள, வீட்டை கொண்டுபோங்கோ எண்டு... ஓம், நான்தான்.

... சத்தம் போடேல்லை. இப்ப நான் சத்தம் போடேல்லை, அத்தான்.

... ஒண்டு கேக்கட்டே? நீங்களாத்தான் எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனனீங்கள் எண்டு சொல்லட்டே? ... ஒருக்கா மட்டும். உங்களுக்கு இது சும்மா பொழுதுபோக்கு வேலை. எனக்குச் சோறு போடுறது இந்த ஒபிஸ் வேலை ஒண்டுதான்... ஓம், குரங்கெண்டு சொன்னனான்தான். அது வாய்தவறி வந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

... அத்தான்? ... வச்சிடாதேங்கோ, அவ கிட்ட வாறா... அத்தான், லைனில நிக்கிறியளோ?