இரண்டாவது கைப்பிடி

மேடையில் இருக்கும் மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தொழிலாளர்களே, கணவர் சகாயநாதனை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அன்பு ஹில்டா,

எனக்கு முன்னால் பேசியவர், நான் ஃபோர்மன் சகாயநாதனை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். மைசூரில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது தவறு. மன்னிக்க என்ன இருந்தது?

சுதந்திரம் வந்த வருடம், அவர் மேற்பார்வையில் ஓடிய இந்தத் தொழிற்சாலையின் தகடு அழுத்தும் இயந்திரம் என் கணவர் பெர்னார்டின் இடது கையை நசுக்கியது. காயம் புரையோடி அவர் இறந்தார். கவனக்குறைவு என்றார்கள் எல்லோரும். சகாயநாதன் ஒருவர்தான், "கை ஏன் அங்கே போக வேண்டியிருந்தது?" என்று கேட்டார். வலது கை கைப்பிடியை இழுக்கும்போது இடது கை அச்சுக்கு அடியில் இருக்க முடிந்தது. அதனால்தான். இரண்டு கைகளாலும் இழுத்தால் மட்டுமே அச்சு இறங்கும்படி, இன்னொரு கைப்பிடி வைத்தார்.

அதோடு முடிந்ததா? ஆயுத பூசை கழிந்து பூ வாடிய பிறகும் புதுக் கைப்பிடியில் மாலை தொங்கியது.

"பூசை போட்டதுங்க. எடுத்தா சாமி குத்தமுங்க" என்றார் அந்த இயந்திரத்தில் தகடு அடிக்கும் தொட்டையன்.

"மாலைக்குள்ள கம்பி எதுக்கப்பா? சாமிக்குக் கொலுசா?" என்று கேட்டார் சகாயநாதன்.

புதுக் கைப்பிடியைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டால் ஒரு கையாலேயே வேகமாக அடிக்கலாம். அடித்த தகட்டுக்குத்தானே கூலி?

சகாயநாதன் அபராதம் போடவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஷிப்ட் முழுவதும் தொட்டையனின் இடத்தில் நின்று தகடு அடித்தார். மேலாளருக்கு எழுதும் ஆங்கிலக் கடிதங்களை என்னிடம் காட்டித் திருத்திக்கொள்வது அவர் வழக்கம். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"இடுப்பு போச்சும்மா. நேரத்தைத் தின்னுறது கைப்பிடி இல்ல. ஒவ்வொரு தகட்டுக்கும் தரைக்குக் குனியிறோமே, அதுதான்."

இடுப்பு உயரத்தில் தகடு அடுக்க மேசை வந்தது. இரண்டு கைகளால் இழுத்தும் வேகம் குறையவில்லை. கம்பியைத் தொட்டையனே அவிழ்த்தார்.

சற்று முன் தொட்டையன் சகாயநாதனின் படத்துக்கு மாலை போட்டதைப் பார்த்தீர்களே. இரண்டு கைகளாலும் போட்டார். என் கணவரின் சவப்பெட்டியில் ஒரு கையைத் துணியால் மூடியிருந்தார்கள்.

புதுக் கொட்டகைக்கு வந்திருக்கும் இயந்திரங்களில் கைப்பிடி ஒன்றுதான். இரண்டாவதைக் கேட்டு சகாயநாதன் எழுதிய விண்ணப்பத்தையும் நான்தான் திருத்தினேன். பதில் வருமுன் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. இனி அதை நான் கேட்பேன். தொழிலாளர்களே, நீங்களும் கேளுங்கள்.

மேலாளர் அவர்களே, அந்த இயந்திரங்கள் ஓடுமுன் இரண்டாவது கைப்பிடியும் மேசையும் வைப்பீர்களா? இங்கே தலையசைக்க வேண்டாம். தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.