ஒட்டே இல்லாத தொட்டி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் தாயி. எழுதுகிற தம்பியும் வரட்டும். கொடைக்கானல் குளிரில் ஸ்டேஷன் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். முழுக்கதையும் சொல்கிறேன், பாதியில் நிறுத்த மாட்டேன்.

தண்ணீர்த் தொட்டி என்றால் அவ்வப்போது கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாசி பிடித்து, பூண்டு வயலுக்குப் போகிற குழாயை அடைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் என் மகன் சக்திவேல் உள்ளே இறங்கினான்.

அந்தக் கறுப்புத் தொட்டியை எங்கள் ஊர் கவுஞ்சிக்குக் கொண்டுவந்ததே அவன்தான். திண்டுக்கல் பக்கம், பிளாஸ்டிக் தொட்டி செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவன். எப்படிச் செய்கிறார்கள் என்று அடுப்படியில் உட்கார்ந்து சொல்வான். மாவு மாதிரி பிளாஸ்டிக் பொடி. அதை இரும்பு அச்சுக்குள் கொட்டி மூடி, நெருப்பில் அப்படியும் இப்படியும் உருட்டுவார்களாம். பொடி உருகி அச்சின் சுவரெல்லாம் தோசைபோல் படியுமாம். ஆறவிட்டுப் பிரித்தால் சுற்றிலும் சுவர், நடுவில் ஒன்றுமில்லை.

"ஒட்டே கெடையாது ஆத்தா. ஒட்டு இருந்தாத்தான ஒழுகும்?" என்பான். கெட்டிக்காரன்.

அவன் அப்பா போன பிறகு எனக்கு அவன் ஒருத்தன்தான். கம்பெனி வேலையை விட்டு வந்து, கூடவே இருந்து பூண்டு போட்டான். மறுபடி கம்பெனியில் கூப்பிட்டதும், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அங்கேயே வீடு பார்க்கப் போவதாகச் சொன்னான். "நீயும் வா" என்றான். நான் எங்கே போவது? மலையிறங்கினால் எனக்கு மூச்சு முட்டும்.

புறப்படுகிற அன்று, "ஒனக்கு ஒரு சோலியும் மிச்சம் வைக்கக் கூடாது. தொட்டியக் கழுவிட்டு வெரசாக் கெளம்பிர்றேன்" என்று ஏணி விட்டு இறங்கினான். நல்ல பிள்ளை. தொட்டி மேட்டை ஒட்டி இருப்பதால், வரப்பில் நின்றாலே அதன் வாய் என் கைக்கு எட்டும். கழுவி முடித்து வாளியைத் தூக்கிக் கொடுத்தான். வாங்கி வைத்தேன். பிறகு ஏணியை உருவினேன். மூடியைத் திருகி, மேலே உரமூட்டையை இழுத்து வைத்தேன்.

முதலில் சிரித்தான். "ஏ கெழவி, வெளையாடாத. பஸ்ஸு போயிரும்." பிறகு தட்டினான். உள்ளே கை பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது, கால் வைக்க ஒரு சந்து கிடையாது. அவன் சொன்னதெல்லாம் நிஜம்தான்.

"பஸ்ஸு போகட்டும் சாமி, தெறக்கறேன்" என்றேன். மெய்யாகவே அதுதான் என் நினைப்பு. பஸ்ஸும் போனது.

"தெற ஆத்தா. நாளைக்கும் பஸ்ஸு வரும்ல" என்றான்.

அதை நான் யோசித்திருக்கவில்லை.

எங்கள் ஊரில் ஓடைத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தன் முறை முடிந்தவர் குழாயை அடுத்தவர் தொட்டிக்குத் திருப்பிவிட வேண்டும். மேல்வயல்காரன் அழகுமலை ஓடைக்கரையில் நின்று கூப்பிட்டான்.

"மதினி, தண்ணியத் திருப்பிரவா? சக்தி தொட்டியக் கழுவிட்டானா?"

வேண்டாமென்றால் முறை கீழ்வயலுக்குப் போய்விடும். நமக்கு இனி அடுத்த வாரம்தான். பூண்டு திரளுகிற பருவம் வேறு.

"கழுவிட்டு பஸ்ஸேறிட்டான். நீ திருப்பி விடுய்யா" என்றேன்.

அழகுமலையை விட்டுவிடுங்கள் தாயி. ஓடைச் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. தொட்டி நிரம்புகிறவரை வரப்பிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து என் பிள்ளை "ஆத்தா" என்ற ஒவ்வொரு தடவையும், "இங்கனதான் இருக்கேன்யா" என்று பதில் கொடுத்தேன். பெற்ற பிள்ளையைத் தனியாக விடுவேனா?

கொன்றேன் என்று எழுதவேண்டும் என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். அவன் இப்போது எங்கள் தோட்டத்து மண்ணில்தான் இருக்கிறான். எங்கேயும் போகவில்லை.

உங்களுக்கும் ஒரு பையன் உண்டு என்றீர்களே. நல்லா இருங்கள் தாயி. உங்கள் வீட்டில் விளக்கு அணையாமல் எரியட்டும். பெற்ற பிள்ளை ஒருநாளும் உங்களை விட்டுப் பிரியாமல், உங்கள் காலடியிலேயே கிடக்கட்டும்.