செத்துப்போன மீன்காரியும் தப்பான பஸ்ஸும்

விழாத் தலைமையையும் மேடையின் ஒரே மெத்தை நாற்காலியையும் ஒருசேர ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் மாவட்டத் தலைவர் அவர்களே, வந்ததிலிருந்து இரண்டே இரண்டு கொட்டாவி விட்டு எங்களைக் கௌரவித்திருக்கும் நடுவர் பெருமக்களே, எழுபது வயதுப் பிள்ளைகளுக்குக் கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தைச் சொல்லித் தந்தும் இன்னும் தலை நரைக்காத ஆசிரியை யூன் ஹேரின் அவர்களே, மீன் அரிந்த கையில் பென்சில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே, தாய்மார்களுக்குத் துணையாக வந்து கிம்பாப் சோற்றுப் பொட்டலம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கண்காணித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, பைன் மரத்தடியில் பாய் விரித்து, மடியில் பலகையும் பலகைமேல் சிவப்பு முத்திரை குத்திய வெற்றுத் தாளுமாக உட்கார்ந்திருக்கும் என் வகுப்புத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் முங்கே துறைமுகத்து பியோன் தல்சுவின் வணக்கம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். போன வருடம் முதல் பரிசு வாங்கியவர்தான் இந்த வருடம் முதலில் பேச வேண்டும். அதுதான் இந்த எழுத்துப் போட்டியின் வழக்கம். முதல் பரிசு வாங்கியவர் தோ மல்சுன் அக்கா. நான் வாங்கியது துண்டு. போட்டியின் பெயர் அச்சடித்து, வந்தவர் போனவர் எல்லோருக்கும் கொடுத்தார்களே, அந்தத் துண்டு. அப்படியானால் நான் ஏன் இங்கே நிற்கிறேன்? அக்காவைப் பேச அழைத்தபோது அவர் சொன்ன பதிலை அப்படியே ஒப்பிக்கிறேன்.

"எனக்கு எழுதற வேலை கெடக்கு. தல்சு சும்மாதானே சுத்தறான், அவனப் போகச் சொல்லுங்க. பேச்சுல அவன அடிச்சிக்க ஆளில்ல. பேச்சுல மட்டும்."

அந்தக் கடைசி இரண்டு சொல் இல்லாமலே அக்காவின் வாக்கியம் நிறைவாக இருந்திருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

இந்தப் பேச்சை நானே எழுதினேன், சபையோரே. 'மாவட்டத் தலைவர்' என்று எழுதவே ஒரு காலைப்பொழுது ஆயிற்று. அவர் பதவி இன்னும் கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால் என் உரை இன்னும் கொஞ்சம் பெரியதாக இருந்திருக்கும். தலைவர் சிரிக்கிறார். நல்ல மனிதர்.

சபையோரே, என்னிடம் ஒரு யோசனை இருந்தது. சாதாரண யோசனையா? இல்லை. பக்கத்து ஊர்க்காரனுக்கு வந்திருக்கக்கூடிய யோசனையா? இல்லவே இல்லை. கேளுங்கள். ஒரு மீன்காரி. நம் சந்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடுகிறது அல்லவா? ஒரு சந்தைக்கும் மறு சந்தைக்கும் நடுவில் அவள் செத்துப்போகிறாள். ஆனால் சந்தை நாள் வந்துவிட்டது. கூடையில் விற்காத கானாங்கெளுத்தி மீதி இருக்கிறது. அவள் எழுந்து சந்தைக்கு வருகிறாள். செத்தவள் விற்கிறாள், இருப்பவர்கள் பேரம் பேசுகிறார்கள்.

பார்த்தீர்களா, முன்வரிசையில் "அடேயப்பா" என்கிறார்கள். முப்பது வருடமாக இதையே கேட்டு வளர்ந்த உடம்பு இது. முடிதிருத்தும் கடையில் சொன்னேன், "அடேயப்பா" என்றார்கள். அரிசிக் கள் குடிக்கும் இடத்தில் சொன்னேன், "அடேயப்பா" என்று இன்னொரு கிண்ணம் ஊற்றினார்கள். வலை உலர்த்தும் இடத்தில் சொன்னேன், சாவு வீட்டில் சொன்னேன், கல்யாண வீட்டில்கூடச் சொன்னேன். எல்லோரும் பெருமூச்சு விட்டு ஒன்றையே சொன்னார்கள்: "இவனுக்கு மட்டும் எழுத்து தெரிஞ்சிருந்தா."

அது எத்தனை இனிமையான வாக்கியம் தெரியுமா? எழுத்து தெரியாத காலம் வரை இந்த மாவட்டத்தின் தலைசிறந்த எழுத்தாளன் நான்தான். என்னிடம் குறை கண்டுபிடித்தவன் உண்டா? என் நடையில் தொய்வு உண்டா? என் முடிவு சப்பென்று இருந்தது என்று சொன்னவன் உண்டா? எழுதாத புத்தகத்தில் பிழை இருக்க வழியே இல்லை.

அந்தப் பொற்காலத்துக்கு வேட்டு வைத்தவன் கு மன்சிக். முடிதிருத்துகிறவன், என் வயதுக்காரன், படிக்கத் தெரிந்தவன். மீன்வளக் கூட்டுறவுக் கட்டடத்து மாடியில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு திறந்தார்கள். அன்றைக்கே என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கத்தரிக்கோலைக் காதருகே வைத்துக்கொண்டு கேட்டான்.

"பள்ளிக்கூடம் திறந்துட்டாங்க தல்சு. இனிமே என்ன சாக்கு சொல்லப் போற?"

"சாக்கு எதுக்குடா? ரெண்டு எழுத்து கத்துக்கிட்டா அவள அப்படியே தாள்ல எறக்கிடுவேன்."

"எறக்கிக் காட்டு. முப்பது வருஷமா உன் செத்தவ என் கடைக்கு வந்து வந்து போறா. உயிரோட இருக்கறவன் எவனும் அத்தன தடவ வந்ததில்ல. போட்டியில எழுதிப் பரிசு வாங்கு. வாங்கலன்னா அவ பேச்ச இனிமே என் கடையில எடுக்கக் கூடாது."

"வாங்கினா?"

"சாகற வரைக்கும் முடிவெட்டு இலவசம்."

"எனக்கு இருக்கறதே நாலு முடி."

"அதனாலதான் தைரியமா சொல்றேன்."

எனக்கு அந்தக் கடை வெறும் கடையா? என் மன்றம், என் மேடை, என் பத்திரிகை, என் பதிப்பகம். அங்கே என் மீன்காரி வரக்கூடாது என்றால் அவள் எங்கே போவாள்? சொல்லாமல் வைத்த கதை எவ்வளவு நாள் தாங்கும்? ஆனாலும் கை கொடுத்தேன். எழுத்து படித்தேன். போன வருடம் இதே பைன் மரத்தடியில் இதே பாயில் உட்கார்ந்தேன்.

உங்களுக்குத் தெரியும், இங்கே தலைப்பு முன்கூட்டித் தெரியாது. எனக்குப் பின்னால் சுருட்டித் தொங்குகிறதே துணி, கயிற்றை இழுத்தால் விரியும். விரிந்த சொல்லைப் பற்றித்தான் எழுத வேண்டும், எல்லோரும் அந்த ஒன்றைப் பற்றித்தான். போன வருடம் விரிந்த சொல் 'பஸ்'.

கலங்கினேனா? கலங்கவில்லை. செத்தவளைப் பஸ்ஸில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு எழுத ஆரம்பித்தேன். என்ன எழுதினேன்? மனப்பாடமாகவே சொல்கிறேன். 'இது இதுவரை யாரும் கேட்டிராத கதை. கேட்டால் நீங்கள் அதிர்ந்துபோவீர்கள். ஏன் அதிர்ந்துபோவீர்கள் என்றால், இது அப்படிப்பட்ட கதை.' இப்படியே தாள் நிறைந்தது. யோசனை எவ்வளவு பெரியது என்று விளக்கி முடிப்பதற்குள் நேரம் முடிந்தது என்று முரசு அடித்துவிட்டார்கள். அந்தப் பாவப்பட்டவள் இன்றுவரை பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. எந்த ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறாளோ தெரியாது.

சரி, நீங்கள் என்ன எழுதினீர்கள்? பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல் தப்பான பஸ்ஸில் ஏறிய கதையை எழுதியவர்கள் கை தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள். அதோ, அதோ. நாணல் முளைத்த மாதிரி கைகள். எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே இடத்தில் இறங்கி, கடைசி வரியில் ஒன்றுபோல அழுதிருந்தீர்கள். நடுவர்களும் சேர்ந்து அழுதார்கள். கைக்குட்டை போதாமல் பரிசுத் துண்டில் இரண்டு குறைந்தது.

மல்சுன் அக்காவிடம் வேறு யோசனை இருந்ததா? அதுவும் கிடையாது. அவரும் தப்பான பஸ்ஸில்தான் ஏறினார். ஆனால் எப்படி எழுதினார்? முட்டை வாங்கப் புறப்பட்டவருக்குப் பஸ் தப்பு என்று பாதி வழியில் தெரிந்துவிட்டது. இறங்கினால் எல்லோரும் பார்ப்பார்களே என்று கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்தே இருந்தார். டிரைவர் திரும்பி, "இவ்ளோ தூரம் என்ன வேலையா வந்தீங்கம்மா?" என்றார். "பூசணிக்காய் வாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். சொன்ன வாய்க்காக ஒரு பூசணிக்காய் வாங்கினார், கட்டிப்பிடித்தால் மறுபக்கம் கை எட்டாத பூசணிக்காய். டிரைவரே அதைத் தூக்கி ஏற்றி, தன் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் மாமியார், "முட்டைக்குப் போனவ வர்ற அழகப் பாரு" என்று வைதார். வைதுகொண்டே பூசணிக்கஞ்சி இரண்டாம் கிண்ணம் கேட்டார். கடைசி வரி நினைவிருக்கிறதா? 'அடுத்த சந்தை நாளும் அதே தப்பான பஸ்ஸில் ஏறினேன். இந்த முறை பை எடுத்துக்கொண்டு போனேன்.'

நீங்கள் எல்லோரும் அழுதீர்கள், சபையோரே. அக்கா பூசணிக்காய் வாங்கினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் தோற்றேன். மன்சிக் கடையில் வாயைத் திறக்காமல் முடி வெட்டிக்கொண்டேன். கத்தரிக்கோல் சத்தம் அவ்வளவு பெரியது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

யோசனை மட்டும் போதாது என்பதற்கு என்னை மட்டும் ஏன் அடிக்கிறீர்கள்? தலைவர் அவர்களுக்கும் ஒரு யோசனை வந்ததே. முங்கேயை எழுத்தின் ஊராக்க வேண்டும், துறைமுக வாயிலில் வானளாவிய பென்சில் நிறுத்த வேண்டும். எப்படிப்பட்ட யோசனை. ஆனால் கட்டியவர்கள் கூர் வைக்கும் நேரத்தில் காற்று வந்தது, கூர் வைக்காமலே போய்விட்டார்கள். இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து, அதைப் புகைபோக்கி என்று நினைத்து, "இங்க என்ன தொழிற்சாலை?" என்று கேட்கிறார்கள். கணவாய் மீன் உலர்த்தக் கொடி கட்ட மட்டும் அது பிரமாதம். தலைவர் இன்னும் சிரிக்கிறார், ஆனால் முன்னைவிடக் குறைவாக.

இப்போது குளிர்காலத்துக்கு வாருங்கள். வகுப்பில் கணப்பு அடுப்பு. அடுப்பின்மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அக்கா கிழங்கை உரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"தம்பி, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். உன் செத்தவ கொண்டுவந்த மீன் நாறிச்சா?"

"என்னக்கா இது? நான் சாவப் பத்திப் பேசறேன், நீங்க மீனப் பத்திக் கேக்கறீங்க."

"வாங்கறவங்க மீனத்தானே பாப்பாங்க. அவ மூஞ்சியவா பாப்பாங்க?"

நான் அடுப்பின்மேல் இருந்த கிழங்கைப் புரட்டிப் போட்டேன்.

"சரி, அத விடு. பக்கத்துக் கடைக்காரி என்ன சொன்னா?"

"எந்தப் பக்கத்துக் கடைக்காரி?"

"சந்தையில பக்கத்துல ஆள் இல்லாமலா இருக்கும்? இவ செத்துட்டான்னதும் அவ தன் கூடைய நகர்த்தி இவ எடத்துல வச்சிருப்பா. நானா இருந்தா வச்சிருப்பேன். இவ வந்து நின்னதும் எடுத்தாளா, எடுக்கலையா?"

சபையோரே, முப்பது வருடம் சொன்ன கதை. ஊரெல்லாம் வாய் பிளந்த கதை. அதில் என் மீன்காரிக்குப் பக்கத்தில் ஒருத்தரும் உட்கார்ந்திருக்கவில்லை. கொரியாவிலேயே ஒரே ஒரு கடை உள்ள சந்தை என்னுடையதுதான். யோசனை யோசனை என்று நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது என்ன? வாசல் மட்டும் உள்ள வீடு. முப்பது வருடம் வாசலில் நின்றுகொண்டே "என் வீட்டைப் பார்த்தாயா" என்று கேட்டிருக்கிறேன்.

குளிர் முழுவதும் எழுதினேன். எழுதினேன், அடித்தேன், எழுதினேன், அடுப்பில் போட்டேன். நாறியது என்று எழுதிப் பார்த்தேன், யாரும் வாங்க வரவில்லை. நாறவில்லை என்று எழுதினேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. சரி, மீன் பிறகு ஆகட்டும் என்று கூடையிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியில் ஒரு பக்கம் தேறியது. அதை மடித்து எடுத்துக்கொண்டு மன்சிக் கடைக்குப் போனேன். பேசக்கூடாது என்பதால் பேசவில்லை. தாளைக் கண்ணாடிமுன் வைத்தேன். நாற்காலியில் ஒருவர் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தார். மன்சிக் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுச் சத்தமாகப் படித்தான்.

'மீன்காரி ஒக்சுன் சந்தைக்கு வந்தபோது அவள் இடத்தில் பக்கத்துக் கடைக்காரியின் வெங்காயத்தாள் கூடை இருந்தது. "நகத்து" என்றாள் ஒக்சுன். "நீதான் செத்துட்டியே" என்றாள் அவள். "நான்தான் செத்தேன். எடம் சாகல" என்றாள் ஒக்சுன்.'

அதோடு தாள் முடிந்தது. மன்சிக் தாளைத் திருப்பினான். பின்பக்கம் வெள்ளை.

"அப்புறம்?" என்றான்.

நுரைக்காரர் நாற்காலியோடு திரும்பினார். "நகத்தினாளா, இல்லையா?"

"இன்னும் எழுதல."

"வாயால சொல்லித் தொலையேன்டா" என்றான் மன்சிக்.

"இந்தக் கடையில அவ பேச்ச எடுக்கக் கூடாதுன்னு யாரோ ஒருத்தர் சொன்னதா ஞாபகம்."

"பேச வேணாம். எழுதிட்டு வா. ஒரு பக்கம் கொண்டுவந்தா ஒரு முடிவெட்டு."

"அய்யா, மொதல்ல என் மூஞ்சிய முடிங்க" என்றார் நுரைக்காரர்.

நான் வெளியே வந்து கடற்காற்றில் நின்றேன். முப்பது வருடத்தில் எத்தனை "அடேயப்பா" கேட்டிருப்பேன். ஒரு "அப்புறம்" கேட்டதுண்டா? "அடேயப்பா" என்றால் என்ன பொருள்? போதும், கள்ளை ஊற்று என்று பொருள். "அப்புறம்" என்றால் என்ன பொருள்? உட்கார், போகாதே என்று பொருள். முதலாவதை யோசனை வாங்கித் தரும். இரண்டாவதை எழுதித்தான் வாங்க வேண்டும், வரி வரியாக, கூடை கூடையாக.

ஆகவே என் அருமைத் தோழர்களே, இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தத் துணி விரியும். என்ன சொல் என்று எனக்கும் தெரியாது. நடுவர்களைக் கேட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை. என்ன சொல்லாக இருந்தாலும் வானத்தைப் பார்க்காதீர்கள். வானத்தில் யோசனைகள் மட்டும்தான் இருக்கின்றன, எல்லாம் அடேயப்பா வகை. பக்கத்தில் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எதை நகர்த்த மறுக்கிறாள் என்று பாருங்கள். இந்த முறை என் மீன்காரியை நான் கூட்டி வரவில்லை. அவளுக்குச் சந்தையில் வழக்கு இருக்கிறது. நானும் உங்களைப்போல வெறுங்கையோடுதான் உட்காரப் போகிறேன். இவ்வளவு சந்தோஷமாக இதற்குமுன் வெறுங்கையோடு இருந்ததில்லை.

மைக்கைக் கொடுத்த தலைவருக்கும், பொறுமை காத்த நடுவர்களுக்கும், எழுத்தைக் கொடுத்த ஆசிரியைக்கும், மேடையை எனக்குத் தள்ளிவிட்டு அதோ இப்போதே பென்சில் சீவிக்கொண்டிருக்கும் மல்சுன் அக்காவுக்கும் நன்றி.

யார் அது, பின்னால் கத்துவது? மன்சிக்கா? கடையைப் பூட்டிவிட்டா வந்தாய்? என்ன கேட்கிறான், கேட்டீர்களா? "கூடைய நகத்தினாளா?" என்கிறான். இப்போது நீங்களும் கேட்கிறீர்கள். நடுவரும் கேட்கிறார். ஐயா, உங்களுக்குக் கொட்டாவி நின்றுவிட்டதே.

சொல்ல மாட்டேன், சபையோரே. மூன்று பக்கம் முடிந்திருக்கிறது, இன்னும் நகர்த்தவில்லை. எல்லோருக்கும் என் வணக்கம். கயிற்றை இழுங்கள். என் பாயில் யாராவது கூடையை வைத்திருந்தால் தயவுசெய்து நகர்த்துங்கள்.