முதலில் ஒரு கடை

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிறைவதற்குள் பல் தேய்த்துவிட்டு, பாக்கெட் மாவில் இரண்டு தோசை. இன்றும் அப்படித்தான், சார். சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீங்கள் கேட்பது அழகேசனைப் பற்றி. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை அந்தப் பிரியாணிக் கடையின் பெயரைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமை அவரிடம் இருந்தது. அதற்குக் கம்பெனி வைத்த நிபந்தனை ஒன்றுதான். முதலில் அவரே ஒரு கடையை ஒரு வருடம் நடத்தியிருக்க வேண்டும். நியாயமான நிபந்தனை. அடுப்படியில் நின்றவனுக்குத்தான் எது எங்கே தவறும் என்று தெரியும்.

அழகேசன் நிற்கவில்லை. கொரட்டூரில் தன் மச்சான் நடத்திய மெஸ்ஸுக்கு மேலே பிரியாணிக் கடை போர்டை மாட்டினார். கம்பெனி ஆட்கள் வரும் நாளில் மட்டும் கல்லாவில் உட்கார்ந்தார். அது தெரியாமல் நானும் என் மனைவி தேவிப்பிரியாவும் ஐடி வேலையை விட்டுவிட்டு, அவரிடம் திருமுல்லைவாயில் கடையை எடுத்தோம்.

அவர் கொடுத்த சமையலறை வரைபடம் மால்களுக்காகப் போட்டது. அங்கே கேஸ் வெளியிலிருந்து குழாயில் வரும். எங்கள் கடையில் சிலிண்டர்கள் உள்ளேயே, ஜன்னலில்லாத சுவரோரம் நின்றன. ஒரு வாரம் கடை நடத்தியவன்கூட அதை அனுமதித்திருக்க மாட்டான். எங்களுக்கு எப்படித் தெரியும்? திறந்த மாதமே தேவிப்பிரியா அங்கே எரிந்துபோனாள்.

காரியம் முடிந்து அவரிடம் போனேன்.

"இன்னா நைனா பண்றது? எல்லா ஏரியாலயும் இப்டித்தான் ஓடிக்கினு கீது. நடத்திட்டுதான் குடுக்கணும்னு எழுதுனவன் ஏசி ரூம்ல குந்திகினு எழுதினான்" என்றார். பிறகு, "அந்த எடத்துக்கு வேற பார்ட்டி கீறாங்க. புச்சா கல்யாணம் ஆனவங்கோ. சாவிய எப்ப குடுக்குற?"

நேற்று மதியம் சாவியைத் தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டேன். கடைக்கு வெள்ளையடித்து, அவருடைய வரைபடத்தின்படியே எல்லாவற்றையும் திரும்ப வைத்திருந்தேன். ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஒரு தடவ நீங்களே சமைச்சுப் பாருங்கண்ணே" என்றேன்.

"டமாசு பண்ற மாமே" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அவர் அடுப்புப் பக்கம் திரும்பியதும் இன்னொரு சிலிண்டரின் டியூபைக் கழற்றினேன். வெளியே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். தட்டினார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எதிர் டீக்கடையில் நின்று, முடியும்வரை பார்த்தேன். இது பழிவாங்கல் இல்லை, சார். அவர் செய்யாமல் விட்டதைச் செய்ய வைத்தேன்.

'அந்த ஆள விடாதீங்க' என்று தேவிப்பிரியா கடைசியாகச் சொன்னதாக அவள் வீட்டில் சொல்லியிருக்கிறேன். அதை எழுத வேண்டாம். அவள் எரிந்த அன்று ஞாயிறு, வாசலில் கூட்டம். இன்று மூட முடியாது என்றேன். அவள் சொன்னது இதுதான்:

"கேஸ் வாடை அடிக்குதுன்னு நேத்தே சொன்னேன், நீங்கதான் கேக்கல. சரி, நான் போய்ப் பாக்குறேன். நீங்க வெளியிலயே நில்லுங்க."