எண்ணூறு நாற்காலிகள்

“உனக்குப் பேய்கிட்ட பயமா, மேஸ்திரிகிட்ட பயமா?”

இஸெத் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சலவைக்கூடத்தில் சேர்ந்த வருடம் அது. அன்று ராத்திரி, கால்வாய் வாயிலில் இருக்கிற எங்கள் துறைமுக ஊரான கோலோனில், எங்கள் தெரு முழுக்க மின்சாரம் இல்லை. மர வீட்டின் மாடி நடையில் நான்கு பேர் ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். இஸெத், அவள் தம்பி ரோலாண்டோ, கீழ்வீட்டுக் கஸில்தா அக்கா, நான். கேட்டவுடன் பதில் சொல்ல எனக்கு வராது.

“சரி, எங்க வெர்லீனா சித்திக்கு நடந்ததைக் கேளு. அப்புறமா யோசிச்சு வை,” என்றாள் இஸெத்.

அவள் சொன்னது இது.

விடியற்காலை நாலு இருபது. பெரிய உல்லாசக் கப்பல்களில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு நடை உண்டு. முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே நேர்கோடு. பயணிகளுக்கு அது தெரியாது. வேலைக்காரர்கள் மட்டும் நடக்கிற வழி. அதை அவர்கள் நெடுஞ்சாலை என்பார்கள். பகலில் அங்கே தோள் இடிக்காமல் போக முடியாது. அந்த நேரத்தில்... ஒரு ஆள் இல்லை. குழல் விளக்குகளின் முனகல் மட்டும்.

சித்தி அதில் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். உணவுக்கூடத்தில் பரிமாறுகிற வேலை அவளுக்கு. பதினோரு நாள் தீவு தீவாகச் சுற்றிவிட்டுக் கப்பல் கால்வாய்க்கு வந்திருந்தது. வேடிக்கை பார்க்கச் சீக்கிரம் எழ வேண்டும் என்று பயணிகள் எல்லோரும் முன்னிரவிலேயே படுத்துவிட்டார்கள். ஆறு மணிக்குக் காலைச் சாப்பாடு. மேசை போட வேண்டியவள் சித்தி.

பின்னால் ஒரு சத்தம்.

டப்... டப்... டப்.

ஈரத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். சித்தி நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள். அதுவும் நடந்தது. கூடவே ஒரு இருமல். நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்தவன் இருமுகிற இருமல்.

“கப்பல்ல பேயா? அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கணுமே,” என்றான் ரோலாண்டோ.

“கால்வாயை வெட்டினவனுக்கு டிக்கெட் எதுக்குடா? பேசாம இரு.”

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. படியேறி உணவுக்கூடத்துக்குள் போனாள். எண்ணூறு நாற்காலிகள். பாதி விளக்குதான் எரிந்தது. பெரிய கண்ணாடிகளுக்கு வெளியே கோலோனின் வெளிச்சப் புள்ளிகள் மெல்ல நகர்ந்தன. எட்டு மாதமாகப் பார்க்காத ஊர். அதில் ஒரு புள்ளிக்குக் கீழே அவளுடைய அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கப்பல் இங்கே நிற்காது. கடந்து போய்விடும்.

கரண்டிகளை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவன் நின்றிருந்தான்.

வயசானவன். நம்மைப் போலக் கறுப்பு. முழங்கால் வரை செம்மண். கித்தான் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஈரத்தோடு படுத்து ஈரத்தோடு எழுந்தவன் சட்டை. கழுத்தில் கயிற்றில் கோத்த பித்தளை வில்லை, கூலியாள் எண் வெட்டியது. கொசுவுக்குத் தெளிக்கிற எண்ணெயும் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்தின் கசப்பும் கலந்த வாடை. கையில் ஒரு தகரத் தட்டு. அதை மார்பு உயரத்துக்கு நீட்டிப் பிடித்திருந்தான்.

கஸில்தா அக்கா இருட்டில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாங்கள் யாரும் விளக்கம் கேட்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோருடைய பாட்டன் பூட்டனும் பார்படோஸிலிருந்தோ ஜமைக்காவிலிருந்தோ அந்தக் கால்வாய்ப் பள்ளத்தை வெட்ட வந்தவர்கள்தான். வெள்ளைக்காரர்களுக்குத் தங்கக் காசில் சம்பளம், மேசை, நாற்காலி. நம் ஆட்களுக்கு வெள்ளிக் காசு. வெள்ளிக் காசுக்காரர்களின் சமையற்கூடத்தில் நாற்காலியே கிடையாது. தட்டை நீட்டு, வாங்கு, வெளியே போய் நின்று தின்னு. மழையானாலும் சரி.

“எங்க பூட்டன் சாகுற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் சாப்பிட்டாராம்,” என்றாள் கஸில்தா அக்கா. “வீட்ல நாலு நாற்காலி கிடந்துச்சு. உட்கார வராது.”

பசிக்கிறவன் தட்டு நீட்டினால் பரிமாறுவது சித்தியின் கைக்குப் பழக்கம். அடுப்பறைக்குப் போய்ச் சூடான ஓட்ஸ் கஞ்சியும் ரொட்டியும் கொண்டுவந்து தட்டில் போட்டாள். அவன் வாங்கிக்கொண்டான். சுவரோரம் போனான். முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, நின்றபடி, அவசர அவசரமாகத் தின்ன ஆரம்பித்தான்.

அதைத்தான் சித்தியால் பார்க்க முடியவில்லை.

“ஐயா, உட்கார்ந்து சாப்பிடுங்க.”

அவன் தலையைத் திருப்பினான். சித்தியைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தான். யாராவது வருகிறார்களா என்று பார்த்தான்.

“கேட்டியா?” என்றாள் இஸெத் என்னிடம். “செத்து நூறு வருஷம் ஆச்சு. மேஸ்திரி பயம் போகலை.”

சித்திக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. பரிமாறுகிறவர்கள் அந்தக் கூடத்தில் எந்த நாற்காலியிலும் உட்காரக் கூடாது. அது அங்கே சட்டம். குராசாவ் தீவுத் துறையில் கால் வீங்கிப்போய், ஒரு நாற்காலிக் கையில் அரை நிமிடம் இடுப்பைச் சாய்த்ததற்கு, உணவுக்கூட மேலாளர் பான்கிராஃப்ட் மன்னிப்பு எழுதி வாங்கியிருந்தார். இன்னொரு தடவை என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அப்புறம் எந்தக் கப்பலிலும் வேலை கிடைக்காது. இஸெத், ரோலாண்டோ, பாட்டி... மூன்று பேரும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் இன்னொரு கொடுமை. பான்கிராஃப்ட் நம் ஊர்க்காரர். பதினோராம் தெரு.

சித்தி ஜன்னலோர மேசைக்குப் போனாள். ஒரு நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். முழுசாக, முதுகு சாய்த்து.

“பாருங்க ஐயா. நான் உட்கார்ந்துட்டேன். வாங்க.”

எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். வெகுநேரம் அவன் அசையவில்லை. பிறகு... டப். டப். டப். நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது. அவன் தட்டை மேசைமேல் வைத்தான். வைத்த பிறகும் ஒரு கையால் அதைப் பிடித்தே இருந்தான், யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பது மாதிரி.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பான்கிராஃப்ட்.

“வெர்லீனா. என்னம்மா இது, உங்க அப்பன் வீட்டுக் கல்யாணமா?”

அவர் கண்ணுக்குத் தெரிந்தது சித்தி மட்டும்தான். எதிரில் காலி நாற்காலி, ஆவி பறக்கிற கஞ்சி, கம்பளத்தில் குட்டையாகத் தேங்கிய செம்மண் தண்ணீர்.

“எழுந்திரு.”

“மாட்டேன் சார்.”

“அது பயணிங்க உட்கார்ற நாற்காலி.”

“பயணிங்க தூங்குறாங்க. நாற்காலி சும்மாதான கிடக்கு.”

“போன தடவையே எழுதிக் குடுத்த. ஞாபகம் இருக்கா? கால்வாயைத் தாண்டினதும் மூட்டையோட இறங்கணும். உன்னை நம்பி வீட்ல எத்தனை வாய்னு எனக்குத் தெரியும். யோசி.”

“யோசிச்சுட்டேன் சார். இவர் சாப்பிட்டு முடிக்கட்டும்.”

“எவர்?”

சித்தி எதிரே கையைக் காட்டினாள். பான்கிராஃப்ட் ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு நேராக வந்து அந்தக் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தார்.

அது வரவில்லை.

பிரம்பு நாற்காலி. ஒற்றைக் கையால் தூக்கலாம். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். நெற்றி நரம்பு புடைத்தது. தரையோடு அறைந்த மாதிரி அசையாமல் நின்றது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் காதுக்குப் பக்கத்தில் அந்த இருமல் கேட்டது. ஈர இருமல். அவர் கை அப்படியே நின்றுபோயிற்று.

கூடத்தின் அந்தக் கோடியில் இன்னொரு இருமல்.

நடுவில் ஒன்று. தூணுக்குப் பின்னால் ஒன்று. அப்புறம் நாற்காலிகள்... ஒவ்வொன்றாக, பின்னுக்கு நகர்ந்து, மறுபடி முன்னுக்கு வந்து, பாரம் ஏறிக் கிறீச்சிடும் சத்தம். ஒரு மேசை. அடுத்த மேசை. வரிசை வரிசையாக. தகரத் தட்டுகள் மேசைமேல் இறங்கும் சத்தம். கடைசியாக ஒரு அமைதி. பந்தி முழுக்க ஆள் நிறைந்த பிறகு, பரிமாறுகிறவனுக்காகக் காத்திருக்கும்போது வருமே, அந்த அமைதி.

வெளியே கால்வாயின் முதல் மதகுக் கதவு திறக்கிற அதிர்வு கப்பலின் அடியிலிருந்து ஏறி வந்தது.

சித்தி எழுந்திருக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“உட்காருங்க சார். நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்.”

பான்கிராஃப்ட் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். விரல் நுனிகளைப் பார்த்தார். காலிக் கூடத்தைப் பார்த்தார். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு, முகம் முகமாக நின்று நின்று போனது அவர் பார்வை.

அன்று அவர் எதையும் எழுதி வாங்கவில்லை. சித்தி அந்த ஒப்பந்தத்தை முடித்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தாள். ஆனால் அவர் வெளியே போன விதத்தை இன்றைக்கும் யாராவது கேட்டால் எழுந்து நின்று நடந்து காட்டுவாள்.

வாசல் வரை மேசைகளுக்கு நடுவே நல்ல அகலமான வழி, யாருமே இல்லை. அவர் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். வயிற்றை உள்ளே இழுத்து, முழங்கைகளை விலாவோடு ஒடுக்கி, உட்கார்ந்திருக்கிற யாருடைய முதுகிலும் தோளிலும் இடித்துவிடாமல், ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து... அப்படியே ஒதுங்கி ஒதுங்கி வெளியே போனார்.