காசா இலைப்பூச்சிக்கு வைத்த பெயர்

எழுபத்தோரு வயதிலும் ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண்ணாடி வேண்டாம். மாதா கோயில் பீடத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது ஒருமுறைகூட என் கை ஆடிச் சுடர் அணைந்ததில்லை. இன்ஸ்பெக்டர் கலியபெருமாள் அவர்களே, இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் எனக்குப் படித்துக்காட்டிய அறிக்கையில், 'முதுமையால் பெரியவரின் கை தளர்ந்து கயிறு நழுவிவிட்டது' என்று ஒரு வரி வருகிறது. அந்த வரி தவறு. அதனால்தான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன். சரியானதை நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் பால்சாமி. செஞ்சியில் நாங்கள் மூன்று தலைமுறையாக உபதேசியார் குடும்பம். சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும், சாவு ஊர்வலத்தில் சிலுவை ஏந்தி முன்னால் நடப்பதும் எங்கள் வேலை. லத்தீன் வாசிப்பேன். அதே எழுத்துதான் என்பதால் இங்கிலீஷையும் எழுத்துக்கூட்டிவிடுவேன், பொருள் தெரியாது. எங்கள் வீட்டுப் பெயரை இந்த ஊரில் யாரும் இளக்காரமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பேராசிரியர் ராஜாராம் 1963ஆம் வருடம் சென்னையிலிருந்து வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வழுக்கைத் தலை, பேரன் பேத்தி எடுத்தவர். இலைப்பேன் என்று ஒரு பூச்சி உண்டு. எள்ளில் கால்வாசிகூட இருக்காது. அதைத் தேடித்தான் மலை மலையாக அலைந்தார். சாமியார் கேட்டுக்கொண்டதால் எங்கள் வீட்டு முன்னறையை அவருக்கு ஒதுக்கினேன்.

என் மகள் மரியசெல்விக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாயில்லாதவள். கன்னியாஸ்திரிகளிடம் பூவேலை கற்றவள், துணியில் படம் வரைவதில் கெட்டிக்காரி. ஒருநாள் ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரத்தில் விறகு பொறுக்கியவள், காசாஞ்செடிக் கிளை ஒன்றை ஒடித்து வந்தாள். இலையெல்லாம் மூடிய செபப்புத்தகம் போல நடுவில் மடிந்திருந்தது.

"இந்த இலைக்கு இன்னா வந்துச்சு ஐயா, இப்படி மூடிக்கினு இருக்குது?" என்று அவரிடம் கேட்டாள்.

அவர் ஊசியால் மடிப்பைப் பிரித்தார். உள்ளே கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தன. ஈரத் தூரிகையால் ஒன்றைத் தொட்டு எடுத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சோறு ஆறிப்போகும்வரை தலை தூக்கவில்லை. இப்படி ஒன்றை இதுவரை எவரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை என்றார்.

அதன்பின் இரண்டு வருடம் அதே வேலை. கொம்பில் எத்தனை கணு, கழுத்தில் எத்தனை மயிர், இறகின் ஓரக் குஞ்சம் எவ்வளவு நீளம் என்று எண்ணி எழுதுவார். மரியசெல்வி பார்த்துப் பார்த்து வரைவாள். பாறைச் சரிவில் முளைத்த செடிகளுக்கு அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார். மறுமுனையை ஒரு கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி நான் பிடித்திருப்பேன். முப்பது தடவைக்கு மேல் பிடித்திருக்கிறேன்.

"நீங்க பிடிச்சா எனக்குப் பயமே இல்லை உபதேசியார் ஐயா" என்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "புதுப் பூச்சின்னா பேர் வைக்கணும். கண்டுபிடிக்க உதவினவங்க பேரையே வைக்கிற வழக்கம் உண்டு. இந்த வீட்டுப் பேர்தான் வைக்கப்போறேன்."

என் பெயரை லத்தீன் எழுத்தில் தெளிவாக எழுதி அவருடைய பெட்டியில் வைத்தேன். அதற்கு விசேஷக் காரணம் எதுவும் இல்லை. அந்த மாதம் ஒரு புது ஜிப்பா தைத்துக்கொண்டேன். சாமியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

போன மாதம் புத்தகம் அச்சாகி வந்தது. அவரே கொண்டுவந்து மரியசெல்வியிடம் நீட்டினார். "அம்மா, இது உங்களுக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நைனா, எம் பேரு பாருங்க நைனா. பூச்சிக்கு எம் பேரு."

முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில் இருந்தது. வாசித்தேன். நன்றாயிருக்கிறது என்றேன்.

மறுநாள் டீக்கடையில் கன்னியப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தான். "இன்னா உபதேசியாரே, உங்க பொண்ணு பேர்ல ஒரு பேனு கீதாமே. இனிமே சீமையில வெள்ளைக்காரிங்கல்லாம் மரியசெல்விய நசுக்குவாளுங்க."

"சும்மாவா வெப்பான் ஒரு ஆம்பள? பட்டணத்துக்காரன் விஷயம் இல்லாம வெப்பானா?" என்றான் தங்கராசு.

கடை முழுக்கச் சிரித்தது. நான் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அவர்களுக்குள் ஏதாவது இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. அவர் அவளை அம்மா என்றுதான் அழைப்பார். இருவரும் வேலை செய்யும்போது நானும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தெரியும். ஆனால் மானம் என்பது வீட்டுக்குள் நடந்ததைப் பொறுத்ததல்ல, டீக்கடையில் பேசப்படுவதைப் பொறுத்தது. ஒரு குடும்பத்தின் பெயரைப் பேனுக்குச் சூட்டிய மனிதர் அதற்குப் பதில் சொல்லவேண்டும். இது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பதினைந்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். "பெண் பூச்சியை வச்சுத்தான் எழுதியிருக்கேன். ஆண் பூச்சி அகப்படலை. அகப்பட்டா எல்லாம் முழுசாயிடும்" என்றார்.

ராஜகிரி உச்சிக்குப் போகும் மரப்பாலத்துக்குக் கீழே, பிளவின் ஓரத்தில் ஒரு காசாஞ்செடி நிறைய மடிந்த இலையோடு நிற்கிறது என்று சொன்னேன். அது உண்மை. நான் பொய் சொல்கிறவன் அல்ல.

புதன்கிழமை காலை பத்து மணி. அவர் இடுப்பு முடிச்சை நானே இழுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அன்று மட்டும் கயிற்றைத் தூணில் சுற்றவில்லை. அவர் கவனிக்கவில்லை. முப்பது தடவை பார்த்ததை மனிதர்கள் மறுபடி பார்ப்பதில்லை.

கீழிருந்து குரல் வந்தது. "கெடைச்சிடுச்சு ஐயா. ஆண்தான் போலிருக்கு. கெட்டியாப் பிடிங்க, இன்னும் ஒரு கிளை எட்டணும்."

அவருடைய முழு எடையும் என் இரண்டு கைகளில் இருந்தது. மாதாவுக்குச் சொல்லும் சின்ன செபமான பிரியதத்த மந்திரத்தை ஒருமுறை சொல்லி முடிக்கும் நேரம் அப்படியே பிடித்திருந்தேன். கை நடுங்கவில்லை, தளரவுமில்லை. பிறகு திறந்தேன். இதைத் தயவுசெய்து அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நழுவவில்லை, திறந்தேன்.

அடுத்த வாரம் அந்தச் சரிவிலிருந்த காசாஞ்செடிகளை ஒன்றுவிடாமல் வெட்டிக் கொளுத்தினேன். மூன்று நாள் வேலை. உங்கள் போலீஸ்காரர் முருகையன் அந்தப் பக்கம் வந்தவர், "பாவம் பெரியவரே, அந்த எடத்தப் பாக்க மனசு கேக்கலியா?" என்றார். ஆமாம் என்றேன். பெயர் புத்தகத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், அந்தப் பெயரைச் சுமக்க ஒரு பூச்சியும் மிஞ்சக்கூடாது என்று நினைத்தேன்.

அவ்வளவுதான். இனி எழுத ஒன்றுமில்லை. நேற்று வீட்டில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், விடாமல் எழுதுவது முறை என்பதால் அதையும் சேர்க்கிறேன். மரியசெல்வி அந்தப் புத்தகத்தை மடத்துக்கு எடுத்துப்போய், சிஸ்டரிடம் கொடுத்து முழுவதையும் தமிழில் சொல்லக் கேட்டிருக்கிறாள். வந்ததும் என் முன்னால் விரித்து வைத்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"உங்க பேரும் கீது நைனா. ரெண்டு வருசம் என் உசுரக் கையில வெச்சிருந்த பால்சாமி ஐயாவுக்கு நான் பட்ட கடனத் தீக்கவே முடியாதுன்னு எழுதியிருக்காரு நைனா."

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமலே வாசித்தேன். என் பெயர்தான். நான் எழுதிக் கொடுத்தபடியே இருந்தது.

ஆனால் கடைசிப் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் போட்டிருந்தார். முதல் பக்கத்தில் இடம் இருந்தது.