மியூசியத்தில் களை

திருவாரூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு டீச்சர். வழியில் ஏறிய பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், எடுத்த எடுப்பிலேயே டீச்சர் சொன்னார்:

“உங்க பொண்ணு நேத்து மியூசியத்துல களை பறிச்சுட்டா.”

“ஐயோ, போன எடத்துலயா டீச்சர்?”

“நவீன ஓவியம், சிற்பமெல்லாம் காட்டக் கூட்டிட்டுப் போனோம்ல. அங்க ஹால் நடுவுல பெரிய தட்டுல நெசமாவே நாத்து வளத்து வச்சிருந்தாங்க. அதுவும் கலைப்படைப்புதானாம். தொடக் கூடாதுன்னு போர்டு வேற. இவ பாட்டுக்கு உக்காந்து பறிக்கிறா. எனக்கு உசிரே போயிடுச்சு.”

“மன்னிச்சுக்கங்க டீச்சர். லீவுல என்கூட வயலுக்கு வருவா. கை சும்மா இருக்காது.”

“முழுசாக் கேளுங்க. அதைச் செஞ்ச ஆர்ட்டிஸ்ட் ஓடி வந்தாரு. திட்டப்போறாருன்னு பாத்தா, பக்கத்துல உக்காந்து, ‘எது நெல்லு, எது களைன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிற?’ன்னு கேட்டாரு. கிளாஸ்ல வாயே தொறக்காதவ, அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தா. எனக்கும் சேத்துதான். இவளைப் பேச வைக்க நான் படாத பாடு இல்ல. கத்துக்குடுத்த உங்களுக்குத்தாங்க நன்றி சொல்லணும்.”

அந்த அம்மா ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

“வேரோட எடுத்தாளா டீச்சர்?”